பன்னுவின் இடப்பக்கம்

நம்முடைய பழைய குதிரைப் பள்ளிக் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. நிறம் வெளிறிப்போன படம். நீலகிரி மரங்கள், ஒரு சிவப்புக் கொடி, தாண்ட வேண்டிய கட்டைத் தடை. அந்தத் தடையை விட்டுவிட்டு வேறு பக்கமாக வளைந்து ஓடுகிற ஒரு பழுப்புக் குதிரை. அதன் மேல், தலைக்குப் பெரிதான தொப்பியோடு ஒரு குச்சிப் பெண். நான்தான், வேறு யார்? "பிரதட்சிணம் கிளம்பிட்டாடா" என்று ஒருவர் எழுத, கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாகப் போட்டுத் தள்ளிவிட்டீர்கள்.

சிரியுங்கள், பரவாயில்லை. எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறோம், அதுவே பெரிய விஷயம். அந்தோணியார் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டுப் பெண்ணுக்குப் பிரதட்சிணம் என்று பட்டப்பெயர் வைத்த மகானுபாவர்கள் நீங்கள். பதின்மூன்று வயதிலிருந்து அதைச் சுமக்கிறேன். ஆனால் ஏன் சுற்றினாய் என்று உங்களில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு. இன்றைக்குச் சொல்கிறேன். மனிதர்கள் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் இந்தக் குழுவிலேயே உட்கார்ந்துகொண்டு சண்டைக்கு வருவீர்கள். குதிரையின் பெயரை மட்டும் சொல்வேன். பன்னு.

நீங்களெல்லாம் காரில் வந்து இறங்கிய பிள்ளைகள். நான் காக்ஸ் டவுனிலிருந்து அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தவள். பள்ளியின் தீனிக் கிடங்குக்கு அப்பாதான் பொறுப்பு. விடியற்காலைப் பனியில் ஊரைத் தாண்டி வடக்கே போவோம். அப்பாவின் ஸ்வெட்டர் முதுகில் மூக்கை அழுத்திக்கொள்வேன்; கம்பளியும் தவிடும் வெல்லமும் கலந்த வாசனை வரும். கிடங்கின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு குதிரையின் பெயர், அதற்கு எத்தனை படி ஓட்ஸ், எத்தனை படி தவிடு, எத்தனை கட்டு குதிரைமசால் என்று அப்பா சாக்பீஸில் எழுதி வைத்திருப்பார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஒரு குதிரை பள்ளியை விட்டுப் போனால் ஈரத்துணியால் அந்த வரியைத் துடைப்பார். துடைத்த இடம் காய்கிற வரைக்கும் பளபளவென்று இருக்கும்.

யாருக்கும் வேண்டாத குதிரையில் ஊழியர்களின் பிள்ளைகள் ஏறிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு வழக்கம். பன்னு அப்படித்தான் என்னிடம் வந்தது. ரேஸில் ஓடி, ஒன்றும் ஜெயிக்காமல் வந்த குதிரை. ராஜபரம்பரை மாதிரி ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் அதற்கு இருந்தது. வந்த முதல் வாரமே என் பையில் இருந்த பேக்கரி பன்னைக் காகிதத்தோடு சேர்த்துத் தின்றது. அப்புறம் ராஜபரம்பரைப் பெயரை யார் கூப்பிடுவார்கள்? பன்னு என்று நான் கூப்பிட்டேன், லாயத்தில் குதிரைகளைக் கவனித்த சாச்சா கூப்பிட்டார், கடைசியில் அப்பாவும் பலகையில் அப்படியே எழுதிவிட்டார்.

அம்மாவுக்குக் குதிரை மேல் கோபம் கிடையாது. வாசனை மேல்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் தலைக்குக் குளித்துவிட்டுப் போனாலும், பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா மெல்ல அரை அடி நகர்ந்து உட்காருவார். "ஆண்டவரே மாட்டுக் கொட்டாயிலதான் டீச்சர் பொறந்தாரு, கிட்ட உட்காருங்க" என்று அம்மா ஒருநாள் அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். வீட்டுக்கு வந்து எனக்குத் திட்டு விழுந்தது, அது தனிக் கதை.

மூன்று நாள் போட்டி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை என் மருமகளுக்கும் அனுப்பப்போகிறேன், அவளுக்காக நாலு வரி. முதல் நாள் ட்ரெஸ்ஸாஜ்: மணல் களத்தில் குதிரையை வட்டமும் கோடுமாக அழகாக நடத்திக் காட்ட வேண்டும், அதனிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசினாலும் மார்க் போகும். இரண்டாம் நாள் கிராஸ் கன்ட்ரி: தோப்பு, மேடு, தண்ணீர் என்று ஓடி, இடித்தாலும் அசையாத கட்டைகளைத் தாண்ட வேண்டும். மூன்றாம் நாள் ஷோ ஜம்பிங்: தட்டினால் விழுகிற கம்புகள். மூன்று நாளும் அதே குதிரை, அதே ஆள். இடையில் கால்நடை டாக்டர் முன்னால் குதிரையைக் கயிற்றில் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். நொண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நம் கோச் சாரை மறந்திருக்க மாட்டீர்கள். குடகுக்காரர், ராணுவத்தில் குதிரைப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர், மீசையில் எப்போதும் களத்துத் தூசி. பன்னு இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கழுத்தை ஒரு மாதிரி கோணிக்கொண்டு திரும்பும். சார் களத்தின் நடுவிலிருந்து கத்துவார்: "லெஃப்ட் லெக் எங்கம்மா? வீட்ல வெச்சிட்டு வந்தியா?" என் இடது கால் பலவீனம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். நானும் நம்பினேன். வீட்டில் இடது காலால் மட்டும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினேன். கீழ் வீட்டு அங்கிள் எனக்குக் காலில் ஏதோ வியாதி என்று நினைத்து ஜெபம் பண்ணினார்.

லாயத்து சாச்சாவுக்குத் தக்னி கலந்த தமிழ். பீடி குடித்துக் குடித்து எந்நேரமும் இருமல். மற்றவர்களைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடக்குகிற பன்னு, அவரிடம் மட்டும் ஆட்டுக்குட்டியாக நிற்கும். "நம்ம ஹாத்து பட்டா போதும் பேட்டி, ஏக்தம் சீதா ஆயிடும்" என்று தன் கைராசியைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வார். அந்த வருஷம் மழைக்கு முன்னால், மகள் கல்யாணத்துக்காக அவர் கோலார் பக்கம் பதினைந்து நாள் போனார். அந்தப் பதினைந்து நாளில் பன்னு இரண்டு பேரை உதைத்தது, ஒருவரைக் கடித்தது. கெட்ட குதிரை என்று பெயர் வந்துவிட்டது. யாரும் கிட்டே போகாததால் அதைத் தேய்த்துவிட நான் போனேன்.

கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன், காலடிச் சத்தமே இல்லை. வழக்கம்போல இடப்பக்கமாகப் போய்த் தோளில் கை வைத்தேன். அம்மாடி! சுவரோடு சுவராக எகிறியது பாருங்கள், என் கையில் இருந்த பிரஷ் எங்கே போய் விழுந்தது என்று இன்று வரை தெரியாது. நான் வைக்கோலில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் எழுந்து வாளியைத் தூக்கினேன். கைப்பிடி கிணுகிணுத்தது. அந்தச் சத்தத்துக்கு அதன் காது என் பக்கம் திரும்பியது, உடம்பு தளர்ந்தது. மறுபடி கை வைத்தேன். பேசாமல் நின்றது. அதே இடப்பக்கம்தான், அதே நான்தான்.

பையிலிருந்து பன்னை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் இடது கண்ணுக்கு நேரே நீட்டினேன். ஒன்றுமில்லை. அழகான கருங்கண், உள்ளே மட்டும் லேசாக ஒரு நீலப் புகை. விரலைச் சட்டென்று கண்ணருகே கொண்டுபோனேன். இமைக்கவில்லை. பன்னை வலப்பக்கம் கொண்டுபோனதும் பாய்ந்து பிடுங்கித் தின்றது. என் காலில் ஒரு குறையும் இல்லை. பன்னுவுக்கு இடது கண் தெரியாது. கழுத்தைக் கோணியதெல்லாம் வலது கண்ணால் இந்தப் பக்கத்தையும் பார்க்கத்தான். சாச்சாவிடம் சாதுவாக இருந்தது அவர் கைராசியால் அல்ல. அவர் வருவதற்கு முன்பே அவருடைய இருமல் வந்துவிடும், அதனால்.

இத்தனை குதிரைக்காரர்கள் இருந்த இடத்தில் இது எப்படி யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். நமக்கு எல்லாமே இடப்பக்கம்தானே? கயிறு பிடிப்பது, சேணம் போடுவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் குதிரையின் இடப்பக்கம் நின்றுதான். லாயத்தை விட்டு வெளியே வந்தால் அந்தப் பக்கத்தில் எப்போதும் ஒரு மனிதர் ஒட்டிக்கொண்டு நடப்பார். அது பார்க்க வேண்டியதெல்லாம் மறுபக்கம்தான். டாக்டர் முன்னால் ஓட்டிக் காட்டும்போதுகூட, இடப்பக்கம் ஆள் ஓடி, கடைசியில் வலப்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும் என்பது விதி. ஒரு குதிரைக்கு இடது கண் இல்லை என்றால், அதை மறைத்து வைக்க நம் உலகத்தைவிட வசதியான உலகம் கிடையாது. இது அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லத்தான் கிளம்பினேன். கிடங்கு வாசல் வரைக்கும் போய்விட்டேன். அப்பா ஈரத்துணியோடு பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். கால் வீங்கிய சாம்பல் பெட்டைக் குதிரை அன்று காலைதான் லாரியில் ஏறிப் போயிருந்தது. பக்கத்தில் கோச் சார். "நாலு காலு, ரெண்டு கண்ணு, எல்லாம் ஒழுங்கா இருக்கணும். இல்லாத குதிரைக்கு இங்க தீனி இல்ல" என்றார். எந்தக் குதிரையையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, அவர் பேச்சே அப்படித்தான். அப்பா "கரெக்ட் சார்" என்று துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ஓடி வர்ற?"

"ஒண்ணுமில்லப்பா. தாகம்."

அவ்வளவுதான். அந்தப் பொய்யை ஐந்து மாதம் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன்.

மழைக்காலம் முழுக்க நானும் பன்னுவும் பேசிப் பழகினோம். கிராஸ் கன்ட்ரியில் பேசலாம், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். கட்டை வருவதற்கு முன்னால் "பன்னு, கட்டை" என்பேன். பள்ளத்துக்கு முன்னால் "பன்னு, குழி". தண்ணீருக்கு "தண்ணி தண்ணி" என்று இரண்டு தரம். கொஞ்ச நாளில் அது வார்த்தையைக் கேட்டதும் காதை முன்னால் நீட்டித் தயாராகும். நான் பைத்தியம் மாதிரி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகிறேன் என்று நீங்கள் கேலி செய்தது அந்த நாட்களில்தான். நேராகப் போகிற தடை எல்லாவற்றையும் அது தாண்டியது. வலப்பக்கம் திரும்பித் தாண்டுகிறதையும் தாண்டியது. இடப்பக்கம் திரும்பியதும் வருகிற தடை என்றால் மட்டும் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். நான் அதன் கழுத்தைத் தாண்டிப் போய் விழுவேன். இடுப்பில் ஒரு நீலத் தழும்பு ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அம்மாவிடம் காட்டாமல் பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொள்வேன்.

புரட்டாசி வாக்கில் சார் என்னைக் கூப்பிட்டார். "பன்னு மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சும்மா. மழை முடிஞ்சதும் ஜூனியர் மீட் வருது. மூணு நாளும் முடிச்சுட்டு வந்தா இன்னொரு வருஷம் இருக்கட்டும். முடிக்கலைன்னா அதுக்கு வேற ஜாகா பாப்போம்." ஜெயிக்க வேண்டியதில்லை, முடித்தால் போதும். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

போட்டிக்கு முதல் நாள், குதிரை இல்லாமல் காலால் நடந்து வழியைப் பார்ப்போமே, அன்று நீங்களெல்லாம் கடலை தின்றுகொண்டு அரட்டை அடித்தபடி நடந்தீர்கள். நான் ஒவ்வொரு தடைக்கும் முன்னால் நின்று நின்று நடந்தேன். அப்பா குடையோடு கூட வந்தார். பதினாறு தடை. சிவப்புக் கொடி வலக்கைப் பக்கம், வெள்ளைக் கொடி இடக்கைப் பக்கம். ஐந்து இடத்தில் இடப்பக்கம் திரும்பித்தான் தடைக்கு வர வேண்டும். ஐந்து! நாலாவது தடையருகே குட்டிச்சுவரில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒரு கால் வட்டம் திரும்புவதற்குப் பதிலாக, வலப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி வந்தால் அதே தடைக்கு நேராக வந்து நிற்கலாம். தடைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டுக்கு வெளியே சுற்றினால் தப்பும் கிடையாது. நேரம்தான் போகும். போகட்டுமே! நேரத்துக்கு யார் அழுதார்கள்?

நாலு இடத்தில் அப்படிச் சுற்ற இடம் இருந்தது. பதினோராவது தடையில் இல்லை. டயர்களை அடுக்கிக் கட்டிய தடை. வலப்பக்கம் முள்கம்பி, பின்னால் வாய்க்கால். அங்கே நான் வெகுநேரம் நின்றேன். "என்ன பாப்பா, இது ரொம்ப உயரமா?" என்றார் அப்பா. "இல்லப்பா" என்றேன். அவர் குடையால் டயரைத் தட்டிப் பார்த்தார்.

முதல் நாள் ட்ரெஸ்ஸாஜ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு, கோணல் கழுத்தோடு, கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தோம். இரண்டாம் நாள் காலை, லாயத்தின் பின்புறம் போய் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால் அப்பா தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறார். "பயமா இருந்தா வேணாம் பாப்பா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." என் வாயைத் துடைத்துவிட்டார். "பயமில்லப்பா" என்றேன். பயம்தான். ஆனால் அவர் நினைத்த பயம் இல்லை.

மணி அடித்தது. முதல் மூன்று தடை பறந்தோம். நாலாவதில் எல்லாரும் இடப்பக்கம் திரும்பிய இடத்தில் நான் வலப்பக்கம் திரும்பினேன். தடைக்காவலுக்கு நின்றவர், "ஏய் பாப்பா, வழி இந்தப் பக்கம்!" என்று கொடியை ஆட்டினார். நான் சுற்றி வந்து, "பன்னு, கட்டை" என்றேன். தாண்டியது. ஆறாவதில் ஒரு சுற்று. ஒன்பதாவதில் தோப்பின் இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்ததும் தண்ணீர், அதற்கு முன்னால் ஒரு கட்டை, அங்கே ஒரு சுற்று. கயிற்றுக்குப் பின்னால் நீங்கள் நின்றுகொண்டு "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூவியது எனக்கு நன்றாகவே கேட்டது. படம் எடுத்ததும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பதினொன்று வந்தது. குதிரையை இழுத்து நடைக்குக் கொண்டுவந்தேன். நாலுகால் பாய்ச்சலில் வர வேண்டிய இடத்தில் மாட்டுவண்டி வேகத்தில் வந்தோம். திரும்புவதற்கு முன்பே அதன் தலையை இடப்பக்கம் நன்றாக வளைத்தேன், வலது கண் முன்னால் வரட்டும் என்று. "பாரு பன்னு, பாரு கண்ணா, டயரு, டயரு" என்று கெஞ்சினேன். அது நின்றது. முழுசாக நின்றால் குதிரையின் மறுப்பு என்று எழுதிவிடுவார்கள், மறுப்புகள் சேர்ந்தால் போட்டியை விட்டே வெளியே. இல்லை, நிற்கவில்லை, ஒரு கால் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. காது முன்னால் வந்தது. ஓர் எட்டு, இரண்டு எட்டு, பிறகு பூனை சுவரில் ஏறுகிற மாதிரி அப்படியே எழும்பித் தாண்டியது. நான் அதன் பிடரியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே பன்னிரண்டையும் தாண்டினேன். பதினாலாவதில் கடைசிச் சுற்று. முடித்துவிட்டோம். நேரம் போனதற்கு எத்தனை புள்ளி வெட்டினார்கள் என்று கேட்காதீர்கள். ஒரு மறுப்புகூட இல்லை.

மூன்றாம் நாள் மூன்று கம்பு விழுந்தது. எல்லாரையும்விடக் கடைசி. சார் வந்து பன்னுவின் கழுத்தைத் தட்டினார், இடப்பக்கம் நின்றுதான். "ஃபினிஷ் பண்ணிட்டே. சொன்னது சொன்னதுதான், இன்னொரு வருஷம் இருக்கட்டும்" என்றார். அன்று நான் மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். மொபெட்டில் அப்பாவின் முதுகில் சாய்ந்து பாட்டுப் பாடினேன். அப்பா வழி முழுக்க ஒன்றுமே பேசவில்லை. அதை நான் கவனித்தேன், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து, அரைப் பரீட்சையை எழுதி முடித்த கையோடு, கையில் சூடான பன்னோடு லாயத்துக்கு ஓடினேன். பன்னுவின் இடம் கூட்டிக் கழுவி வைத்திருந்தது. சாச்சா என் முகத்தைப் பார்க்காமல் இருமினார். கிடங்குக்கு ஓடினேன். பலகையில் ஒரு வரி பளபளவென்று ஈரமாக இருந்தது.

"உக்காரு பாப்பா" என்றார் அப்பா. "உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான். ஆனா நான் பாத்தேன்ல? நீ வாந்தி எடுத்தத பாத்தேன். ஒவ்வொரு தடைக்கும் முன்னாடி பயந்து பயந்து திரும்பி ஓடுனியே, மரத்தடியில நின்ன எனக்கு உசுரே போயிடுச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ அழுதுகிட்டே ஓட்டுற. எனக்காகத்தான ஓட்டுற? சாரோட கால்ல விழாத குறையா கேட்டேன், அந்தக் குதிரை வேணாம், என் பொண்ணுக்கு வேற குடுங்கன்னு. நல்ல ஜனங்ககிட்டதான் அனுப்பியிருக்கேன். ஆனேக்கல்ல திராட்சைத் தோட்டம். ஒரு கொறையும் வராது."

இப்போது சொன்னால் மட்டும் என்ன ஆகும்? குருட்டுக் குதிரை என்று தெரிந்தால் அந்தத் தோட்டத்திலிருந்தும் துரத்திவிடுவார்கள். ஒன்பது நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. புதிதாகக் கொடுத்த குதிரையைப் போய்ப் பார்க்கவும் இல்லை. பத்தாம் நாள் காலை, "சட்டை மாத்து, ஆனேக்கல் போலாம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து செம்மண் பாதையில் நடந்தோம். திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை. தோட்டக்கார அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே வந்தார்; தெலுங்கும் கன்னடமும் ஊறின தமிழ். அப்பா கும்பிட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். "இன்னா சார் குதிரை குடுத்தீங்க? கிட்ட போனா எகிறுது. எங்க வீட்டுக்காரர் கையை கடிச்சிடுச்சு. கொழந்தைங்கள மட்டும் ஒண்ணும் பண்றதில்ல. வித்துடலாம்ன்றாரு அவரு." குழந்தைகள் கத்திக்கொண்டே ஓடி வருவார்கள் அல்லவா, அதனால்தான்.

பன்னு எங்களுக்கு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. இளைத்துப் போயிருந்தது. நான் வாசலிலேயே நின்று இருமினேன். அதன் காது திரும்பியது. அப்புறம் கழுத்து, அப்புறம் முழு உடம்பும் திரும்பி, வலது கண்ணால் என்னைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது. விற்றுவிடுவார்கள் என்ற வார்த்தை என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடம் சொல்கிறேன், அப்பா பக்கத்தில் நிற்கிறாரே என்பதெல்லாம் தோன்றவில்லை.

"ஆன்ட்டி, அதுக்கு இடது கண்ணு தெரியாது. வலப்பக்கமா வாங்க. இல்லன்னா இருமிட்டு வாங்க, பேசிட்டே வாங்க. அதுக்கு நீங்க வர்றது தெரியணும், அவ்ளோதான். கெட்ட குதிரை இல்ல ஆன்ட்டி. தயவுசெஞ்சு வித்துடாதீங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ பாவமே! அவ்ளோதானா?"

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகத்தில் வருகிற மாதிரி உரக்க இருமிக்கொண்டே இடப்பக்கமாகப் போய்ப் பன்னுவின் தோளில் கை வைத்தார். அது பேசாமல் நின்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்து மாதம் நான் உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியம், முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கு "அவ்ளோதானா" என்று ஆகிவிட்டது. எங்கள் பள்ளியிலும் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. நான்தான் யாரிடமும் கேட்கவில்லையே.

அப்பா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவிடம் போய், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "திருப்பிக் குடுப்பீங்களாம்மா?" என்றார்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "கொழந்தைங்க அழும் சார். இஷ்கூல் விட்டு வந்ததும் மொதல்ல இங்கதான் வர்றாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு கொத்துத் திராட்சை பறித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும் வரைக்கும் அப்பா ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். நான் திராட்சையைத் தின்னாமல் மடியில் வைத்திருந்தேன். சட்டென்று சொன்னார்:

"நாலு சுத்தும் வலப்பக்கமாவே சுத்துன பாப்பா. கண்ணெதிர்ல பாத்துட்டு நின்னேன். அதக்கூட நான் கவனிக்கல."

நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். சொல்லாதது என் தப்பு என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. அவர் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். பன்னு அந்தத் தோட்டத்தில் நன்றாகவே இருந்தது என்று பின்னால் சாச்சா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வாசலில் அவர் இருமியதும் கொட்டகைக்குள்ளிருந்து கனைத்ததாம்.

இப்போது அந்தப் படத்தை எடுத்து விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். குதிரையை விடுங்கள், என்னை விடுங்கள். ஓரத்தில், நீலகிரி மரத்தடியில், மடக்கிய குடையோடு, தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அது எங்கப்பா. அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி வேறு ஒரு படமும் எங்கள் வீட்டில் கிடையாது. பட்டப்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், ஆசை தீரக் கூப்பிடுங்கள். அந்தப் படத்தின் தெளிவான பிரதி உங்களில் யாரிடம் இருந்தாலும் எனக்கு அனுப்பி வையுங்கள்.